விளையாட்டுப் புகார்

பேச வாய் இருந்தால் போதும் என்பது மற்றவர்களுக்கு. தம்பிக்கு வாயோடு கையிலும் ஒரு வேலை வேண்டும். தொலைபேசியில் அவனிடம் பேசுவது சுவரோடு பேசுவதைவிடக் கொஞ்சம் தேவலை. சுவர் ‘ம்’ கொட்டாது, இவன் கொட்டுவான். ‘ம்’, ‘சரிக்கா’, ‘வைக்கட்டுமா’ என்ற மூன்றை மட்டும் வைத்துக்கொண்டே நாற்பது வயதைத் தாண்டிவிட்டான். நடுக்கடலில் எண்ணெய் எடுக்கும் இரும்பு மேடையில் அவனுக்கு வேலை. சுற்றிலும் தண்ணீர், நடுவில் இவன்.

அவனுடைய அக்கா வீட்டிலேயே ஜன்னல் திரை தைக்கிறவள். தெருவில் பெரியவர் சின்னவர் எல்லாருக்கும் அவள் அக்காதான், அதனால் நாமும் அப்படியே கூப்பிடுவோம். இரண்டே அறை கொண்ட வீட்டில் முன்னறையில் தையல் இயந்திரமும் அவளும். பின்னறையில் கூரைவரை துணி உருளைகள்.

ஒரு விடுப்பில் வந்த தம்பி, கார்ப்பந்தய விளையாட்டுப் பெட்டி இரண்டு வாங்கி, ஒன்றை அக்கா வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டிவிட்டு, இன்னொன்றைத் தன்னோடு எடுத்துப் போனான். இந்த வயதில் எனக்கு எதற்கடா இது என்று அவள் திட்டினாள். ஆனால் முதல் சனிக்கிழமை மாலையே விஷயம் விளங்கிவிட்டது. கையில் காரை ஓட்டும் அந்தப் பிடி இருந்தால், காதில் பேசவும் கேட்கவும் ஆன கருவி மாட்டியிருந்தால், கண் திரையில் ஓடும் காரின் மேல் இருந்தால், தம்பி மடை திறந்தாற்போல் பேசினான். மேடைச் சாப்பாடு, பக்கத்துப் படுக்கைக்காரனின் குறட்டை, முழங்கால் வலி, மேலதிகாரியின் பொய்ப்பல் எல்லாம் வந்தன. அக்காவுக்குக் கார் ஓட்ட வராது. வந்தாலும் ஓட்டியிருக்க மாட்டாள். பந்தயம் சீக்கிரம் முடிந்தால் பேச்சும் முடிந்துவிடுமே என்று வேண்டுமென்றே சுவரில் முட்டி முட்டி ஊர்ந்தாள்.

அப்படியொரு சனிக்கிழமைதான் தம்பியின் கார் பாலத்தைத் தாண்டிப் பறக்கையில் அவன் குரல் திடீரென்று இறங்கியது.

“அக்கா, உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். ரொம்ப நாளா மனசுல இருக்கு…”

கார் அந்தரத்தில் நின்றது. குரல் நின்றது. திரையில் ‘இணைப்பு இல்லை’ என்று வந்தது. அக்கா பதறிப்போய்த் தொலைபேசியில் கூப்பிட்டாள். அவன் எடுக்கவே நேரமாயிற்று. என்னடா கேட்டாய் என்றாள்.

“ஒண்ணுமில்லக்கா. புரிஞ்சுது. வைக்கட்டுமா?”

என்ன புரிந்தது என்று இவளுக்குப் புரியவில்லை. இன்னும் இரண்டு முறை கூப்பிட்டும் அதே ‘ஒண்ணுமில்ல’தான். அவன் வாயைத் திறக்க வைக்க உலகத்தில் ஒரே சாவிதான் உண்டு, அந்தச் சாவி இப்போது வேலை செய்யவில்லை. அடுத்த சனிக்கிழமைக்குள் இதைச் சரிசெய்தே தீருவது என்று அவள் இணையம் தரும் நிறுவனத்தின் உதவி எண்ணை அழுத்தினாள்.

எடுத்தவுடன் ஒரு பாட்டு வந்தது. ‘இணைந்தே இருப்போம், இணைந்தே இருப்போம்’ என்று ஆணும் பெண்ணும் மாறி மாறி உருகினார்கள். இணைப்பு அறுந்தவர்கள் மட்டுமே கேட்கும் பாட்டுக்கு நிறுவனம் நல்ல பாடகர்களைத்தான் போட்டிருந்தது. பிறகு ஒரு குரல் வந்து, கல்விப் புகார் என்றால் ஒன்று, தொழில் புகார் என்றால் இரண்டு, கட்டணப் புகார் என்றால் மூன்று, விளையாட்டுப் புகார் என்றால் நான்கு என்று அடுக்கியது. இவளுடையது விளையாட்டுப் பெட்டி. நான்கை அழுத்தினாள். அவ்வளவுதான் அவள் செய்த குற்றம்.

முதலில் ஒரு பெண் வந்தாள். பெட்டியை அணைத்துப் போட்டீர்களா என்று கேட்டாள். போட்டேன் என்றாள் அக்கா. எந்தப் பெட்டியை என்றாள். இணையப் பெட்டி, விளையாட்டுப் பெட்டி இரண்டையும் என்றாள் அக்கா. இரண்டையும் ஒரே நேரத்தில் அணைக்கக் கூடாது, ஒன்று அணைந்திருக்கும்போது இன்னொன்று விழித்திருக்க வேண்டும் என்று அந்தப் பெண் கண்டித்தாள். இணையப் பெட்டியை முதலில் அணைத்து, அது மறப்பதற்கு நேரம் கொடுத்து, பிறகு போட வேண்டும். எதை மறக்க வேண்டும் என்று அக்கா கேட்டாள். நடந்ததை எல்லாம் என்றாள் அந்தப் பெண். அந்த வாரம் முழுக்க அக்கா அணைத்துப் போட்டபடியே இருந்தாள். இன்னும் கொஞ்சம் வற்புறுத்தியிருந்தால் பெட்டியைக் கட்டி அணைத்தும் பார்த்திருப்பாள்.

கடைசியில் வீட்டுக்கே ஓர் ஊழியரை அனுப்பினார்கள். வாசலில் காலணிக்கு நீல உறை மாட்டிக்கொண்டு, அறுவைக்கு வந்த மருத்துவர்போல அவர் உள்ளே நுழைந்தார். இணையப் பெட்டியின் முன் குனிந்து விளக்குகளைப் பார்த்தார். எல்லாம் பச்சை. நிமிர்ந்து புன்னகைத்தார். பச்சை என்றால் நன்றாக இருக்கிறது என்று பொருள், நன்றாக இருந்தால் புகார் இல்லை என்று பொருள் என விளக்கினார். அக்கா அவரை விளையாட்டுப் பெட்டிக்கு இழுத்துப் போய்த் திரையைக் காட்டினாள். இணைய வேண்டிய பெயர்கள் வரும் இடத்தில் வெறும் கட்டம் கட்டமாக வந்திருந்தது, அதுவும் வரிசையாக ஏழு வரி. ஒவ்வொன்றிலும் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தாயிற்று, ஒருமுறை ஒப்புக்கொள்வதுபோல் பாசாங்கு செய்கிறது, மறுநிமிடம் துரத்திவிடுகிறது என்று முறையிட்டாள். அவர் அந்தப் பக்கம் கண்ணையே திருப்பவில்லை.

“அம்மா, எங்க பொறுப்பு இந்தப் பெட்டியோட முடிஞ்சுது. அந்தப் பெட்டி அதைச் செஞ்சவனோட பொறுப்பு.”

“ரெண்டுக்கும் நடுவுலதானே போகமாட்டேங்குது?”

“நடுவுல இருக்கறது காத்து. அது உங்க வீட்டுக் காத்து. வீட்டுக்காரங்க காத்துல நாங்க கை வைக்கறதில்ல. அது சட்டம்.”

போகும்போது, ஜன்னல்களைத் திறந்து வைத்துப் பார்க்கலாம் என்று மனிதாபிமானத்தோடு ஒரு யோசனையும் சொல்லிவிட்டுப் போனார். அக்கா திறந்தும் வைத்தாள். கொசுதான் இணைந்தது.

சனிக்கிழமை வந்து போயிற்று. அவள் பிடியைக் கையில் வைத்துக்கொண்டு ஏழு வரிக் கட்டங்களைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். தம்பி கூப்பிடவில்லை. திங்கட்கிழமை காலை நிறுவனத்தின் தலைமை அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. உடனே நேரில் வர வேண்டும் என்றார்கள். அடடா, கடைசியில் கவனித்துவிட்டார்கள் என்று அக்கா இருப்பதில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனாள்.

அங்கேதான் விளையாட்டுப் புகார் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரிய வந்தது. வேலை வெட்டி இல்லாதவர்கள் வேடிக்கைக்காகச் செய்யும் புகார்தான் அந்த நிறுவனத்தின் மொழியில் விளையாட்டுப் புகார். அப்படிச் செய்கிறவர்கள் தாங்களே நான்கை அழுத்தித் தங்களைக் காட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து ஒரு தனிப் பிரிவையே நிறுவியிருந்தார்கள். தலைவர், துணைத்தலைவர், அவர்கள் இருவருக்கும் ஓர் உதவியாளர், தடித்த கம்பளம், கண்ணாடிக் கதவில் தங்க எழுத்தில் ‘விளையாட்டுப் புகார்த் தடுப்புப் பிரிவு’. நிறுவப்பட்ட நாளிலிருந்து ஒருவரும் நான்கை அழுத்தியதில்லை. அக்காதான் முதல் வழக்கு. அவள் உள்ளே நுழைந்ததும் மூன்று பேரும் எழுந்து நின்றார்கள். உதவியாளர் ஓடிப்போய்த் தேநீர் கொண்டுவந்தார். துணைத்தலைவர் நாற்காலியைத் துடைத்தார். பெண் பார்க்க வந்த வீட்டில்கூட இத்தனை உபசாரம் இருக்காது.

பிரிவுத் தலைவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார்.

“இந்தப் பிரிவை ஆரம்பிச்சப்போ எல்லாரும் சிரிச்சாங்கம்மா. விளையாட்டுக்குப் புகார் பண்றவன் எவனாவது தானா நாலை அமுக்குவானான்னு கேட்டாங்க. நான் அசரல. எனக்கு மனுஷங்க மேல நம்பிக்கை உண்டு. என்னைக்காவது ஒருத்தர் நேர்மையா வந்து நின்னு, ஆமா, நான் விளையாடினேன்னு சொல்லுவாங்கன்னு தெரியும். இத்தனை வருஷம் இந்த நாற்காலியில சும்மா உக்காந்திருந்தேன்னு நினைக்கிறீங்களா? காத்துக்கிட்டிருந்தேன். உக்காந்திருக்கறதுக்கும் காத்திருக்கறதுக்கும் வித்தியாசம் இருக்கு. சம்பளம் ஒண்ணுதான், ஆனா வித்தியாசம் இருக்கு.”

அக்காவுக்குத் தலை சுற்றியது. ஐயா, நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை, விளையாட்டைப் பற்றித்தான் சொன்னேன் என்றாள். தலைவரின் முகம் வாடியது. அப்படியானால் இது எந்தப் புகார் என்று கேட்டார். கல்வியா? இல்லை. தொழிலா? இல்லை. கட்டணமா? ஒழுங்காகக் கட்டியிருக்கிறாள். அப்படியென்றால் விளையாட்டுதானே என்று துணைத்தலைவர் மடக்கினார். விளையாட்டுதான், ஆனால் விளையாட்டில்லை என்றாள் அக்கா. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தங்கள் காத்திருப்புக்குத் தகுந்த குற்றவாளிதான் கிடைத்திருக்கிறாள் என்ற திருப்தி அவர்கள் முகத்தில் பரவியது.

விளையாட்டில்லை என்று நிரூபிக்க ஒரே வழி, உண்மையான கஷ்டம் ஒன்றைக் காட்டுவது என்று தலைவர் சொன்னார். ஊரார் முன் சொல்லுகிற சங்கதியா அது? ஆனாலும் அக்காவுக்கு வேறு போக்கிடமில்லை. புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, கையில் வேலை இருந்தால்தான் வாய் திறக்கும் தம்பியைப் பற்றிச் சொன்னாள். பாதியில் நின்ற கேள்வியைப் பற்றிச் சொன்னாள். “என்னமோ கேக்க வந்தான், அதுக்குள்ள போயிடுச்சு. அவன் என்ன நினைச்சுக்கிட்டு அந்தத் தண்ணி நடுவுல உக்காந்திருக்கானோ” என்று சொல்லும்போது அவளுக்குத் தொண்டை அடைத்தது.

உதவியாளர் மூக்கை உறிஞ்சினார். இப்படி ஒரு கஷ்டத்தைத் தன் வாழ்நாளில் கேட்டதில்லை என்றார் தலைவர். உடனே தொலைபேசியை எடுத்தார். இதோ, சரிசெய்யத்தான் ஆளைக் கூப்பிடுகிறார் என்று அக்கா நினைத்தாள். அவர் கூப்பிட்டது விளம்பரப் பிரிவை.

விளம்பரப் பிரிவிலிருந்து ஓர் இளம்பெண் காற்றாக வந்தாள். கதையை மறுபடி சொல்லச் சொன்னாள். தொண்டை அடைத்த இடத்தில் மறுபடி அடைக்குமா என்று கேட்டாள். அக்காவால் முடியவில்லை. பரவாயில்லை, அதைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்றாள் அந்தப் பெண். வரும் புதன்கிழமை நிறுவனத்தின் ஆண்டு விழா, அதில் மேடையேறி ஒரு படம் எடுத்துக்கொண்டால் பெரிய இயக்குநரிடமே நேரில் முறையிடலாம் என்றாள். அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அக்கா ஒத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பெரிய இயக்குநர் மேடையில் முழங்கினார். கோட்டின் மார்பில் நிறுவனத்தின் சின்னம், கையில் ஒலிவாங்கி, பின்னால் அவரே இன்னொரு பத்து மடங்கு பெரிதாகத் திரையில்.

“நாம வெறும் கம்பி விக்கிறவங்க இல்ல. நாம உறவு விக்கிறவங்க. சமீபத்துல ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வாடிக்கையாளர்கள் யாரையும் தொந்தரவு பண்ணாம, அவங்களைக் கேக்கக்கூட கேக்காம, ஒரு அன்பளிப்பு கொடுத்தோம். அதுவரைக்கும் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் ஒவ்வொரு பேர். எவ்வளவு பிரிவினை! ஒரே நொடியில எல்லா வீட்டுக்கும் ஒரே பேர் வச்சோம். ‘இணைந்தே இருப்போம்’. நம்ம மொழியில, நம்ம எழுத்துல. பேர் கொஞ்சம் நீளமாயிட்டதால கடைசி சில எழுத்து பெட்டிக்குள்ள கொள்ளல. ‘இணைந்தே இரு’ன்னுதான் வருது. அதுவும் நல்லதுதான். அன்பா சொன்னா கேக்காதவங்களுக்கு அதிகாரமா சொல்ற மாதிரி இருக்கு.”

அரங்கம் கைதட்டியது. அக்கா தட்டவில்லை. அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் அந்தரத்தில் நின்ற கார் அவள் கண்முன் வந்தது. ஏழு வரிக் கட்டங்களும் வந்தன. விளையாட்டுப் பெட்டிக்கு இந்த எழுத்து படிக்கத் தெரியாது, அதனால் கட்டம் கட்டமாகக் காட்டியிருக்கிறது. தெருவில் எல்லார் வீட்டுக்கும் ஒரே பெயர் என்பதால், எது தன் வீடு, எது எதிர்வீடு என்று தெரியாமல் கதவு மாறிக் கதவு தட்டித் துரத்தப்பட்டிருக்கிறது. உறவு விற்கிறவர்களுக்கு அன்பளிப்புக் கொடுக்க ஒரு தருணம் வேண்டியிருந்திருக்கிறது. தன் தம்பி வாயைத் திறந்த தருணத்தை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலைவரை பற்றிக்கொண்டு வந்தது.

படம் எடுக்க மேடையேறியபோது இயக்குநரின் காதருகே அதைச் சொன்னாள். என் வீட்டுக்கு மட்டும் பழைய பெயரை வைத்துவிடுங்கள் என்றாள். அவர் புன்னகை மாறாமல் புகைப்படக்காரரைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

“பேர் மாத்தறதுக்குன்னு தனிப் பிரிவு இருக்கும்மா. கல்யாணம் ஆனா, இல்ல ஆள் இறந்துட்டா மாத்துவாங்க. உங்க வீட்டுல யாருக்காவது ஆச்சா?”

ஆகவில்லை என்று அவள் சொல்லும்போது விளக்கு பளிச்சிட்டது. கையில் ஒரு கேடயத்தைத் திணித்தார்கள். அதில் ‘சிறந்த இணைப்பு’ என்று பொறித்திருந்தது.

அந்தப் படம்தான் எல்லாவற்றையும் கெடுத்தது. இரண்டே நாளில் விளம்பரம் தொலைக்காட்சியில் ஓடத் தொடங்கியது. அக்கா கேடயத்தோடு நிற்கிறாள். பக்கத்தில் யாரோ ஒரு நடிகன், அவள் தம்பியாம், மீசையை முறுக்கிக்கொண்டு அவள் தோளில் கை போட்டிருக்கிறான். ‘பிரிந்திருந்தோம். இப்போது தினமும் பேசுகிறோம்’ என்று அவள் குரலில் வேறு எவளோ சொல்கிறாள். தொண்டை அடைக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக அடைத்தது.

சனிக்கிழமை மாலை தொலைபேசி மணி அடித்தது. கூப்பிட்டது தம்பி. அவனாகக் கூப்பிட்டு வருஷக்கணக்காகிறது.

“மேடைச் சாப்பாட்டுக் கூடத்துல டிவியில பாத்தேன். இணைப்பு நல்லா இருக்காமே. வாழ்த்துக்கள். வைக்கட்டுமா?”

“வச்சேன்னா தெரியும்” என்றாள் அக்கா. அவளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. அது யார் மேல் என்று பிரித்துப் பார்க்கும் நிலையில் இல்லை. “போய்ப் பெட்டியைப் போடு. பிடியைக் கையில எடு. தனியா ஓட்டற பந்தயம் இருக்குல்ல, அதைப் போடு. நானும் இங்க போடறேன். ஃபோனை ஸ்பீக்கர்ல வை.”

எதற்கு என்று அவன் கேட்டான். சொன்னதைச் செய் என்றாள். கடல் நடுவில் ஒரு காரும், தையல் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு காரும், ஒன்றுக்கொன்று தெரியாமல், ஒரே பாதையில் தனித்தனியாகப் புறப்பட்டன. நிறுவனத்தின் உதவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. அக்கா வழக்கம்போலச் சுவரில் முட்டினாள். முட்டிக்கொண்டே, அணைத்துப் போட்டதிலிருந்து கேடயம்வரை எல்லாவற்றையும் கொட்டினாள். வீட்டுக் காற்றில் கை வைக்காத சட்டத்துக்கு வந்தபோது அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. தம்பி சிரிக்கிறான். சிரித்து முடித்துவிட்டுக் கேட்டான்.

“அப்போ நீ அணைக்கலயா?”

“எதை?”

“பெட்டியை. நான் கேட்டேன். கேட்டு முடிக்கறதுக்குள்ள நீ கட் ஆயிட்டே. பிடிக்காமத்தான் அணைச்சுட்டேன்னு நினைச்சேன்.”

“நீ கேட்டது என் காதுலயே விழலடா. இப்போ கேளு.”

கார் இன்னும் கொஞ்ச தூரம் உறுமிக்கொண்டு போயிற்று. “இங்க முடியலக்கா” என்றான் தம்பி. “வந்துடறேன். உன் பின்னறையில இருந்துக்கவா?”

அக்காவின் கார் பாலத்திலிருந்து கீழே விழுந்தது. அவள் எடுக்கவில்லை. இதைக் கேட்கவா இத்தனை நாள் என்று அவளுக்கு அழுகை வந்தது. அங்கே துணி உருளை அடைத்துக்கொண்டிருக்கிறது, நாளைக்கே ஒதுக்கிவிடுகிறேன், வரும்போது அந்தப் பிடியை மறக்காமல் கொண்டுவா என்றாள்.

துணி உருளைகள் முன்னறைக்கு வந்தன, தம்பி பின்னறைக்கு வந்தான். பெட்டி இன்னமும் இணையத்தில் சேரவில்லை. ஒரே பெட்டியில் இரண்டு பிடிகளை மாட்டினால் எந்த இணைப்பும் இல்லாமலே இரண்டு பேர் விளையாடலாம் என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவும் இல்லை. ஒரு மாலை இருவரும் தோளோடு தோள் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டிருந்தபோது, அவன் வழியெல்லாம் பேசிக்கொண்டிருந்தபோது, பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். புகார் இன்னும் முடியாமல் இருக்கிறது, எந்த வகை என்று தெரியாததால் முடிக்க முடியவில்லை, அவருடைய ஓய்வு வேறு நெருங்கிக்கொண்டிருக்கிறது என்று கெஞ்சினார். கடைசியாக ஒருமுறை யோசித்துச் சொல்லும்படி கேட்டார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் சுவரில் முட்டாமல் எப்படித் திரும்புவது என்று அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான்.

“அதுவா?” என்றாள் தொலைபேசியில். “சும்மா விளையாட்டுக்குச் சொன்னதுங்க.”

அந்தப் பக்கம் மூன்று பேர் கைதட்டும் சத்தம் கேட்டது.